கட்டுமானத் தளங்களில் பாதுகாப்புக் கூட்டப் பதிவுகள்: சந்தாபுராவை முன்வைத்து

கட்டுமானத் தளங்களில் பாதுகாப்புக் கூட்டம் வழக்கமாக இரண்டு வகையில் நடக்கிறது. காலையில் வேலை தொடங்குமுன் மேஸ்திரியோ சூப்பர்வைசரோ சேஃப்டி ஆபீசரோ ஆட்களைக் கூட்டி, அன்றைய வேலையில் எங்கே ஆபத்து என்று சில நிமிடம் சொல்வது ஒன்று. எந்த மொழி பேசும் தளமானாலும் இதற்கு ‘டூல்பாக்ஸ் டாக்’ என்றே பெயர். நிர்வாகத்தின் ஆட்களும் தொழிலாளர் பிரதிநிதிகளும் மாதந்தோறும் எதிரெதிரே உட்காரும் பாதுகாப்புக் குழுக் கூட்டம் மற்றொன்று. முன்னதன் பதிவு பெரும்பாலும் ஒரே தாள்: தேதி, தலைப்பு, பேசியவர் பெயர், வந்தவர்களின் கையெழுத்து. பின்னதன் பதிவு மினிட்ஸ் எனப்படும் நடவடிக்கைக் குறிப்பு. விபத்து நேர்ந்த பிறகோ மயிரிழையில் தப்பிய பிறகோ அவசரமாகக் கூட்டும் கூட்டத்தின் குறிப்பு மூன்றாவது வகைப் பதிவு. காலையில் ஒரு தொழிலாளி சொன்ன குறை மாதக் கூட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே எடுத்த முடிவு மறுநாள் காலைப் பேச்சுக்குத் திரும்பி வர வேண்டும். பதிவுகளின் பயன் இந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது.

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் சாலையில் உள்ள சந்தாபுரா இந்தப் பதிவுகளின் தேவையையும் சிக்கலையும் ஒருசேரக் காட்டும் இடம். ஒரு பக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் அதைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியும். இன்னொரு பக்கம் அத்திப்பள்ளி எல்லையும் அதற்கப்பால் ஓசூரும். ஆனேக்கல் செல்லும் சாலை இங்கிருந்தே பிரிகிறது. அந்தப் பக்கம் கர்நாடக வீட்டு வசதி வாரியத்தின் சூர்யா நகர் மனைப்பிரிவும், அதைச் சுற்றித் தனியார் அடுக்குமாடிகளும் எழுந்தன. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் மெட்ரோ மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அதன் கடைசி நிலையம் சந்தாபுராவுக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே கட்டட வேலை இங்கே குறையப் போவதில்லை.

வேலைக்கு வருபவர்கள் பல ஊர்க்காரர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழர்கள் பெங்களூரின் கட்டட வேலையில் தலைமுறைகளாக இருக்கிறார்கள். வட கர்நாடகத்தின் ராய்ச்சூர், யாதகிரி, கலபுரகி மாவட்டங்களிலிருந்தும், ஆந்திரா, ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் குழுக்குழுவாக ஆட்கள் வருகிறார்கள். கம்பி கட்டுவது ஒரு ஊர்க் குழு, சென்ட்ரிங் இன்னொன்று, டைல்ஸ் மற்றொன்று என்று வேலையும் ஊரும் ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். பாதுகாப்புக் கூட்டத்தைப் பதிவு செய்வது எப்படி என்ற கேள்வி இங்கே முதலில் எந்த மொழியில் என்ற கேள்வியாகவே வருகிறது.

சட்டம் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. கட்டடத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை 1980-களில் நாடு தழுவிய இயக்கமாக வளர்ந்தது, நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் அதற்கு முன்னின்றார். 1984-இல் போபால் விஷவாயுப் பேரழிவு நடந்தபின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-ஜி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, ஆபத்தான தொழிற்சாலைகளின் பாதுகாப்பு நிர்வாகத்தில் தொழிலாளருக்கு இடம் கொடுக்கப்பட்டது. ஆனால் கட்டடத் தளம் தொழிற்சாலை அல்ல என்பதால் அந்த இடம் அங்கே கிடைக்கவில்லை. 1996-இல் வந்த கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம் அதைச் சரிசெய்தது. அதன் 38-ஆம் பிரிவின்படி, வழக்கமாக 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளத்தில் பாதுகாப்புக் குழு அமைத்தாக வேண்டியிருந்தது. அதில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது.

1998-இல் வெளியான மத்திய விதிகளில் 208-ஆம் விதி இந்தக் குழு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது. குழு மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். தளத்தின் முழுப் பொறுப்பும் யார் கையில் இருக்கிறதோ அந்த மூத்த அதிகாரியே தலைமை தாங்க வேண்டும். நிகழ்ச்சி நிரலும் நடவடிக்கைக் குறிப்பும் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும்; தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் அவை இருக்க வேண்டும்; ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். குழுவின் முடிவுகளையும் பரிந்துரைகளையும் முதலாளி நியாயமான காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இந்த மத்திய விதிகளின் அச்சில் மாநிலங்களும் தங்கள் விதிகளை வகுத்தன; கர்நாடகத்தின் விதிகள் 2006-இல் வந்தன.

அந்த விதியின் உட்கருத்தைக் கவனிக்க வேண்டும். குறிப்பு எல்லோருக்கும் சுற்றுக்குப் போக வேண்டும் என்பதும், தொழிலாளரின் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தால், அந்தக் குறிப்பு அலுவலகக் கோப்புக்கு மட்டும் எழுதப்படுவது அன்று என்பது விளங்கும். அதை முதலில் படிக்க வேண்டியவர் சாரத்தில் ஏறுபவர். நடைமுறை இதற்கு நேர் எதிராகப் போய்விட்டது. பெரிய ஒப்பந்தக்காரர்களின் தளங்களில் மினிட்ஸ் ஆங்கிலத்தில் தட்டச்சாகி, திட்ட ஆலோசகருக்கும் கட்டுநருக்கும் மின்னஞ்சலில் போய், தணிக்கைக்காக அச்செடுத்து அடுக்கப்படுகிறது. அதில் பிரதிநிதியாகக் கையெழுத்திட்ட தொழிலாளிக்கே தான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று தெரியாமல் போகிறது. இது விதியின் எழுத்துக்கும் நோக்கத்துக்கும் ஒருங்கே முரணானது.

2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 1996 சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதன் 22-ஆம் பிரிவு பாதுகாப்புக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. தொழிலாளர் பிரதிநிதிகள் குறையக் கூடாது என்ற நெறி தொடர்கிறது. ஆனால் 500 பேர் என்றால் குழு தானாகவே கட்டாயம் என்ற நிலை மாறி, எந்தெந்த நிறுவனங்களில் குழு வேண்டும் என்பதை அரசு ஆணையிட்டு முடிவு செய்யும் நிலை வந்திருக்கிறது. பாதுகாப்பு அதிகாரி விஷயத்தில் மட்டும் வரம்பு இறங்கியிருக்கிறது: பழைய விதிகளில் 500 தொழிலாளரோ அதற்கு மேலோ என்றிருந்தது இப்போது கட்டுமானத்துக்கு 250. புதிய தொகுப்புக்கு முரணாகாத அளவில் பழைய விதிகள் தொடரலாம் என்ற பாதுகாப்பு ஏற்பாடும் உண்டு. குழுவை அரசின் ஆணைக்கு விட்டது பின்னடைவு என்றே சொல்ல வேண்டும். எனினும் தொகுப்பின் 14-ஆம் பிரிவு பதிவுக்குப் புதிய முக்கியத்துவம் கொடுக்கிறது. கடுமையான காயமோ மரணமோ உடனே நேரக்கூடும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி, அதை முதலாளியிடம் நேரடியாகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் மூலமாகவோ தெரிவிக்கலாம். அதே சமயம் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார், பிறகு என்ன நடந்தது என்பதைக் காட்டக் கூட்டக் குறிப்பைவிடச் சிறந்த சான்று தளத்தில் வேறு கிடைக்காது.

மொழிக்கு மறுபடி வருவோம். ‘பெரும்பாலோருக்குப் புரியும் மொழி’ என்று விதி சொல்லும்போது பெரும்பான்மை என ஒன்று இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. 600 பேர் உள்ள ஒரு தளத்தில் 200 பேர் இந்தியும் 150 பேர் வங்காளமும் 140 பேர் தமிழும் 110 பேர் கன்னடமும் பேசினால் எந்த மொழியும் பாதியைத் தொடாது. அப்படிப்பட்ட தளத்தில் இந்தியில் ஒரு படி ஒட்டிவிட்டு விதியை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டினால் மூன்றில் இரண்டு பங்கினர் கூட்டத்துக்கு வெளியே நிற்பார்கள். முழு நடவடிக்கைக் குறிப்பையும் நான்கு மொழிகளில் எழுதுவது சிறு ஒப்பந்தக்காரருக்கு முடியாத காரியமாக இருக்கலாம். முடிவுகளை மட்டும், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்ற அளவில், ஒரு பக்கத்தில் எல்லா மொழிகளிலும் எழுதுவது முடியாததன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பதால், அந்தப் பக்கத்தை மறுநாள் டூல்பாக்ஸ் டாக்கில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அன்றைய தாளில் எந்த மொழியில் பேசப்பட்டது, யார் மொழிபெயர்த்தார் என்ற இரண்டு வரிகள் இடம்பெற வேண்டும். மொழிபெயர்த்தவர் பெயர் இல்லாத தாளில் முப்பது பேர் கையெழுத்து இருந்தாலும், அத்தனை பேருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்ததாகக் கொள்ள வழியில்லை.

இது பெங்களூரின் பிரச்சினை மட்டுமன்று. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 2010 ஏப்ரலில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் சொற்களிலும் கொடுத்தால்தான் அது பயிற்சியாகும் என்று தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஏராளமாக வேலை செய்யும் சிங்கப்பூரில், கட்டுமானத் தளத்தில் கால் வைக்குமுன் முடிக்க வேண்டிய அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடத்தப்படுகிறது. அங்கே தமிழில் கற்றுத் திரும்பிய ஒருவர் ஓசூர் சாலையில் உள்ள ஒரு தளத்தில் ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருப்பது நியாயமில்லை.

அடுத்து, என்ன எழுதுவது. காலைத் தாள்களில் அடிக்கடி காணப்படும் வரி இப்படி இருக்கும்: “உயரத்தில் வேலை செய்வது பற்றிப் பேசப்பட்டது. அனைவரும் சேஃப்டி பெல்ட் அணியுமாறு அறிவுறுத்தப்பட்டது.” இது எந்தத் தளத்துக்கும் எந்த நாளுக்கும் பொருந்தும். அதனாலேயே எதற்கும் பயன்படாது. இதே கூட்டத்தை வேறு விதமாக எழுதலாம்: “சி பிளாக் 4-ஆம் தளம், லிஃப்ட் குழியின் வடக்குப் பக்கத் தடுப்பு இல்லை. பூச்சு வேலைக்காக நேற்று மதியம் கழற்றியது, திரும்ப மாட்டவில்லை. பூச்சுக் குழு சொன்னது. சென்ட்ரிங் மேஸ்திரி இன்று 11 மணிக்குள் மாட்ட வேண்டும். அதுவரை 4-ஆம் தளத்தில் வேலை இல்லை. 11.20-க்குப் பார்த்தாயிற்று, தடுப்பு இருக்கிறது.” இந்தப் பதிவில் இடம், காரணம், பொறுப்பு, கெடு, இடைக்கால ஏற்பாடு, சரிபார்ப்பு ஆறும் இருக்கின்றன. எழுத ஆகும் நேரம் மூன்று நிமிடம். பெல்ட் அணியச் சொன்னதை எழுதும்போது பொறுப்பு முழுவதும் தொழிலாளியின் தலையில் ஏறுகிறது. தடுப்பு இல்லாததை எழுதும்போது அது தளத்தை நடத்துபவரிடம் வந்து நிற்கிறது. முதல் வகை வரிகளே கோப்புகளை நிரப்புவதற்கு இது முக்கியக் காரணமாக இருக்கக்கூடும்.

பேச்சின் தலைப்பு அன்றைய வேலையிலிருந்து வர வேண்டும். ஸ்லாப் போடும் நாளில் முட்டுக்கள் எப்படி நிற்கின்றன, கான்கிரீட் பம்ப் குழாய் எங்கே வளைகிறது, ஸ்லாபுக்கு அடியில் யாராவது நிற்கிறார்களா என்பவைதான் பேச வேண்டியவை. அன்றைக்கும் ‘தலைக்கவசத்தின் அவசியம்’ என்றே எழுதியிருந்தால், அந்தத் தாள் முன்கூட்டியே எழுதி வைத்தது என்று ஊகிக்கலாம். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை வலுக்கும். அஸ்திவாரப் பள்ளமோ சாக்கடைக் குழாய்ப் பள்ளமோ தோண்டும் தளங்களில் அந்த மாதங்களின் பதிவு முழுக்க மண்ணைப் பற்றியதாக இருப்பது இயல்பு. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்கவாட்டில் பலகை, முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டும் என்பது ஐ.எஸ். 3764 என்ற இந்தியத் தர நெறியின் நிபந்தனை. ஜேசிபி அள்ளிய மண் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிந்திருக்கிறதா, இரவு பெய்த மழைக்குப் பின் யார் முதலில் இறங்கிப் பார்த்தார் என்பதைத் தேதியோடு எழுதி வந்தால், அதே தளத்தின் அடுத்த மழைக்காலத்துக்கு அதுவே பாடம்.

தற்காலிக அமைப்புகளுக்குக் குறிப்பேட்டில் தனி இடம் வேண்டும். முடிந்த கட்டடத்துக்கு வரைபடம் இருக்கும், கணக்கு இருக்கும், கையெழுத்திட்ட பொறியாளர் இருப்பார். சாரம், முட்டு, நிறுத்தி வைத்த கம்பிக் கூடு ஆகியவற்றுக்கு அவ்வளவு காகிதம் இருப்பதில்லை. உயிர் போவதோ பெரும்பாலும் அவற்றால். 2023 ஜனவரி 10 அன்று பெங்களூரின் நாகவாராப் பகுதியில், மெட்ரோ தூணுக்காகக் கட்டி நிறுத்தியிருந்த கம்பிக் கூடு சாலைப் பக்கம் சாய்ந்ததில், இரு சக்கர வாகனத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு தாயும் அவருடைய சிறு மகனும் இறந்தனர். அவர்கள் தளத்தில் வேலை செய்தவர்கள் அல்லர், வழியே போனவர்கள். சாலையோரத் தளங்களின் கூட்டத்தில் வேலிக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியும் ஒரு பேச்சு எழ வேண்டும், அது பதிவாக வேண்டும் என்பதற்கு இந்தத் துயரத்துக்கு மேல் சான்று தேவையில்லை. ஓசூர் சாலையை ஒட்டிய சந்தாபுராத் தளங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

குறை சொன்னவர் பெயரை எழுதுவதா என்பது நுட்பமான கேள்வி. அந்தப் பெயரை மினிட்ஸில் பார்த்த லேபர் கான்ட்ராக்டர் மறுநாள் முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம் தினக்கூலிக்காரருக்கு உண்மையானது. சொன்னவர் விரும்பினால் பெயர், இல்லையென்றால் ‘பூச்சுக் குழு’, ‘கம்பிக் குழு’ என்று குழுவின் பெயர் மட்டும் என்பது நியாயமான வழி. பெண்களின் குரல் இன்னும் எளிதாக நழுவுகிறது. சித்தாள் வேலை செய்யும் பெண்கள் காலைப் பேச்சில் பின்வரிசையில் நிற்கிறார்கள். குழுவில் அவர்களுக்குப் பிரதிநிதி இருப்பது அரிது. கழிப்பறை, குடிநீர், குழந்தையை எங்கே விடுவது ஆகியவை பாதுகாப்பு அல்ல என்று ஒதுக்கப்படுகின்றன. நலவசதிகளை மேம்படுத்தப் பரிந்துரைப்பதும் பாதுகாப்புக் குழுவின் வேலை என்று விதி சொல்வதால், இவற்றை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க யாருடைய தயவும் தேவையில்லை.

கையெழுத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. தொழிலாளர் அவசியம் அறிந்திருக்க வேண்டியது அது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. கூடவே சில விலக்குகளையும் வைத்தது. பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியதால் காயம் நேர்ந்தால் முதலாளி பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்பது அவற்றுள் ஒன்று. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் இந்த விலக்குச் செல்லாது. கை ஒடிந்தாலோ விரல் போனாலோ செல்லும். அச்சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்ட 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதே ஏற்பாட்டைத் தொடர்கிறது. இப்போது அந்தக் காலைத் தாளை நினைத்துப் பார்க்கலாம். ‘சேஃப்டி பெல்ட் அணியுமாறு அறிவுறுத்தப்பட்டது’ என்ற ஆங்கில வரிக்குக் கீழே, ஆங்கிலம் தெரியாத ஒருவரின் கையெழுத்து. பெல்ட்டை மாட்டக் கம்பியோ கயிறோ அங்கே இருந்ததா என்பது தாளில் இல்லை. விபத்துக்குப் பின் அந்தக் கையெழுத்து அவருக்கு எதிரான சான்றாக நீட்டப்படலாம். ஆகவே புரியும் மொழியில் எழுதுவது, தொழிலாளர் தரப்பில் சொன்னதையும் எழுதுவது, பாதுகாப்புச் சாதனம் கையில் கொடுக்கப்பட்டதா என்பதைக் குறிப்பது ஆகியவை இழப்பீட்டு உரிமையைக் காக்கும் வேலைகள். பேசப்பட்டதைக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுவேன் என்று சொல்லத் தொழிலாளிக்கு முழு உரிமை உண்டு.

ஒரு கூட்டத்தின் குறிப்பு அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வேண்டும் என்பது நடைமுறையில் மிக அதிகம் மீறப்படும் நெறி. முடிக்காத பணிகளின் பட்டியல் ஒவ்வொரு மாதமும் மேலே வர வேண்டும். எத்தனை மாதமாக நிலுவை என்ற எண் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதமாக நிலுவையில் உள்ள ஒரு தடுப்பு வேலை தலைவரின் கண்ணில் எண்ணாகவே பட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பல தளங்களில் சென்ற மாதக் குறிப்பை நகலெடுத்துத் தேதியை மாற்றுவதால் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. எழுதி வைப்பதும் செயல்படுவதும் வேறு வேறு என்பதைச் சிங்கப்பூர் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2004 ஏப்ரல் 20 அன்று நிகோல் ஹைவே அருகே, சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டிய ஆழப் பள்ளத்தின் தாங்கு அமைப்பு இடிந்து 4 பேர் இறந்தனர். சுவர் எதிர்பார்த்ததற்கு மேல் அசைவதை அளவுக் கருவிகள் முன்பே காட்டியிருந்தன. அளவுகள் பதிவாகவும் இருந்தன. வேலையை நிறுத்துவதற்குப் பதில் கணக்கைத் திரும்பப் போட்டு வரம்பை உயர்த்தி வேலை தொடர்ந்ததை விசாரணை வெளிக்கொணர்ந்தது. 2006-இல் அந்நாடு தன் தொழிற்சாலைகள் சட்டத்தை அகற்றிப் புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததற்கான காரணங்களுள் அவ்விபத்தும் ஒன்று.

காலைத் தாளின் வருகைப் பட்டியலுக்கு இன்னொரு பயன் உண்டு. தேவைப்படும் நாள் வரும்வரை அது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு என்று பல ஊர்த் தொழிலாளர்கள் உள்ளே சிக்கியிருந்தனர். மீட்புப் பணி பல நாள் நீடித்தது. இடிபாட்டுக்குள் எத்தனை பேர் என்பது தொடக்கத்தில் தெளிவாகவில்லை. 2024 அக்டோபர் 22 அன்று பெங்களூரின் பாபுசாபாளையாவில் மழையில் சரிந்த, கட்டுமானத்தில் இருந்த கட்டடத்திலும் வெளி மாநிலத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அன்று காலை யார் யார் வேலைக்கு வந்தார்கள், எந்தத் தளத்தில் இருந்தார்கள், வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது ஒரு தாளில் இருந்து, அந்தத் தாளின் படி தளத்துக்கு வெளியேயும் இருந்தால், மீட்பவர்களின் தேடலுக்கு ஒரு எண் கிடைக்கும். ஊரில் காத்திருப்பவர்களுக்கு ஒரு பதில் கிடைக்கும்.

வெளியே ஒரு படி வைக்க இன்று கைப்பேசியே போதும். தாளைப் படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் போடுவது பல தளங்களில் வழக்கமாகிவிட்டது. தாள் எரிந்தாலும் நனைந்தாலும் படம் இருக்கும். எத்தனை மணிக்கு அனுப்பியது என்பதும் தெரியும். பிற்பாடு தேதி மாற்றி எழுதுவது கடினம். குறைகளும் உண்டு. குழுவை ஆரம்பித்தவர் வேலையை விட்டுப் போனால் பதிவுகளும் அவர் கைப்பேசியோடு போகின்றன. கூட்டம் நடந்ததாக ஒரு குழுப் படம் மட்டும் எடுத்துப் போட்டு, என்ன பேசினார்கள் என்பதை எழுதாமல் விடுவது இப்போது பரவிவரும் பழக்கம். வரிசையாக மஞ்சள் தலைக்கவசங்கள் நிற்கும் படத்திலிருந்து லிஃப்ட் குழிக்குத் தடுப்பு வைத்தார்களா என்று தெரிந்துகொள்ள முடியாது. குறிப்பை எழுதத் தெரியாத மேஸ்திரி தன் மொழியில் பேசியே பதிவு செய்யலாம் என்பது கைப்பேசியின் மிகப் பெரிய உதவி. இரண்டு நிமிடக் குரல் பதிவு, ஆங்கிலத்தில் நிரப்பிய ஒரு பக்கத் தாளைவிட உண்மையான சான்றாக இருக்கக்கூடும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் பெரிய தளங்களுக்கானவை. சந்தாபுராவின் உள்தெருக்களில் எழும்பும் மூன்று, நான்கு மாடி வாடகைக் குடியிருப்புகளில் ஒரே சமயத்தில் எட்டுப் பேரோ பதினைந்து பேரோதான் இருப்பார்கள். 1996 சட்டமே 10 பேருக்குக் குறைந்த இடங்களைத் தொடவில்லை. சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டும் வீடுகளையும் விட்டுவிட்டது. புதிய தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. சேஃப்டி ஆபீசர் இல்லாத, குழு இல்லாத இந்த இடங்களில் மேஸ்திரியே எல்லாம். அவர் சட்டைப் பையில் ஏற்கெனவே ஒரு நோட்டு இருக்கிறது: யாருக்கு எத்தனை நாள் கூலி, யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார், எத்தனை மூட்டை சிமென்ட் வந்தது என்று அவர் தினமும் எழுதுகிறார். அதே பக்கத்தில் ‘சாரக் கயிறு மாற்றியது’, ‘மின் வயர் தண்ணீரில் கிடந்தது, எடுத்துக் கட்டியது’ என்று ஒரு வரி சேர்க்கத் தனிப் படிவம் வேண்டியதில்லை. கட்டட உரிமையாளர் கூலிக் கணக்கைப் பார்க்கும்போது அந்த வரியையும் பார்த்துக் கேட்டால் பழக்கம் நிலைக்கும். இந்தச் சிறு தளங்களை விட்டுவிட்டுப் பெரிய தளங்களின் கோப்புகளை மட்டும் சீராக்கினால் கட்டடத் தொழிலாளரில் பெரும் பகுதியினருக்கு ஒன்றும் மாறாது.

எத்தனை காலம் வைத்திருப்பது என்பது கடைசிக் கேள்வி. கலிஃபோர்னியாவில் கட்டுமான மேற்பார்வையாளர் 10 வேலை நாளுக்கு ஒருமுறையாவது தம் குழுவோடு பாதுகாப்புக் கூட்டம் நடத்த வேண்டும்; பயிற்சி, ஆய்வுப் பதிவுகளைப் பொதுவாக ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் முடியும் அடுக்குமாடித் திட்டத்துக்கு, வேலை முடியும்வரை முழுப் பதிவும் தளத்திலேயே இருப்பதுதான் குறைந்தபட்ச அளவு. அதற்குப் பிறகு ஒப்பந்தக்காரர் ஷெட்டைப் பிரித்துக்கொண்டு போகும்போது கோப்புகள் பழைய காகிதக் கடைக்குப் போவதைத் தடுக்க, கட்டுநரிடம் ஒப்படைக்கும் ஆவணங்களின் பட்டியலில் கூட்டக் குறிப்புகளையும் சேர்க்க வேண்டும். தூசு சம்பந்தமான பதிவுகளை இன்னும் நீண்ட காலம் வைத்திருப்பது அவசியம். கிரானைட்டும் டைல்ஸும் அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய், பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கும் மேல் தூசில் வேலை செய்தபின்தான் வெளியே தெரிகிறது. அருகிலுள்ள ஜிகணியின் கிரானைட் பட்டறைகளிலும் சந்தாபுராவின் அடுக்குமாடிகளிலும் மாறி மாறி வேலை செய்த ஒருவருக்கு ஐம்பது வயதில் மூச்சுத் திணறும்போது, எந்த ஆண்டில் எந்தத் தளத்தில் தண்ணீர் தெளிக்காமல் அறுக்கச் சொன்னார்கள் என்பதைக் காட்ட அந்தத் தாள்களைத் தவிர வேறெதுவும் மிஞ்சியிருக்காது.

கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யவும் கடந்த 12 மாதங்களில் 90 நாளாவது கட்டட வேலை செய்ததைத் தொழிலாளி காட்ட வேண்டியிருக்கிறது. சான்றிதழ் தரக் கான்ட்ராக்டர் மறுக்கும் இடத்தில், தேதியும் பெயரும் உள்ள காலைத் தாள்களைத் துணைச் சான்றாக முன்வைக்கலாம். அதற்காகவாவது, தான் கையெழுத்திட்ட தாளைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளத் தொழிலாளிக்குத் தடை இருக்கக் கூடாது. தளத்தின் பாதுகாப்புக் குழு இதைத் தன் முதல் கூட்டத்திலேயே முடிவாக எழுதி, அறிவிப்புப் பலகையில் எல்லா மொழிகளிலும் ஒட்டிவிடலாம்.